உள்ளங்கால் மை

மணி அலறியது.

மேல்மாடியில் ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த பியூலாவின் கை அப்படியே நின்றது. மாடிப்படி, தாழ்வாரம், சமையலறை, வாகனங்கள் நிற்கும் இடம் என்று கட்டடம் முழுவதும் ஒரே சுருதியில், மூச்சு விடாமல் அது அலறிக்கொண்டே இருந்தது. தூத்துக்குடியின் அந்த மகப்பேறு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்கள் அந்தச் சத்தம் கேட்டால் முதலில் ஜன்னலுக்கு வெளியே வடக்கு வானத்தைப் பார்ப்பார்கள். பருந்து வரும் திசை அது.

பியூலாவும் பார்த்தாள். உப்பளங்களுக்கு மேலே வெயில் வெள்ளையாகக் கொதித்தது. வானத்தில் இன்னும் ஒன்றுமில்லை.

"எந்தக் கட்டில்?" என்று கைக்கருவியைக் கேட்டாள். கீழ் வார்டு, ஜன்னலோரக் கட்டில், பெண் குழந்தை என்றது அது. நேற்று மாலை பிறந்த குழந்தை. காலையில்தான் அதன் பாதத்தில் தண்டை கட்டியிருந்தார்கள்.

அரசாங்கம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஊர் அதைத் தண்டை என்றது. பிறந்த குழந்தையின் பாதத்தைச் சுற்றிக் கட்டும் மெத்தென்ற பட்டை. மேல்பக்கம் ஒரு சின்ன விளக்கு, உள்ளங்கால் பக்கம் ஒரு கண். விளக்கின் ஒளி பாதத்துக்குள் புகுந்து, ரத்தத்தைக் கடந்து, கண்ணில் வந்து விழும். வந்து விழும் ஒளியை வைத்தே அந்தக் குழந்தையின் இதயம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று அது சொல்லிவிடும். நல்ல இதயம் என்றால் பச்சை. உயிரைப் பறிக்கக்கூடிய பிறவிக் கோளாறு என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் மணி அடிக்கும், வார்டுக் கதவுகள் பூட்டிக்கொள்ளும், மதுரையிலிருந்து பருந்து கிளம்பும்.

மணி அடித்தால் லிஃப்டும் நின்றுவிடும். பியூலா படிகளில் இறங்கி ஓடினாள். ஓடும்போது வலது கை தானாகவே நெஞ்சுக்கு நடுவே போய் நின்றது. இருபத்தேழு வருடப் பழக்கம்.

பூட்டிய கதவில் உள்ளங்கையை வைத்தாள். கதவு அவளை மட்டும் உள்ளே விட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

வார்டில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்த தாய்மார்கள், துணைக்கு வந்தவர்கள், தரை துடைக்கும் பெண். குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் குழந்தை இல்லை என்ற நிம்மதியும், அந்த நிம்மதியை நினைத்து வந்த கூச்சமும் ஒவ்வொரு முகத்திலும் இருந்தன.

"எல்லாரும் அவங்கவங்க கட்டிலுக்குப் போங்க" என்றாள் பியூலா. கூட்டம் மனசில்லாமல் கலைந்தது.

கட்டிலில் தன்விகா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அழவில்லை. அவளுடைய பற்கள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன. அவள் புருஷன் சஞ்சித், துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரங்களை அறைக்குள் இருந்தபடியே இயக்குகிற வேலை பார்ப்பவன், கையில் தண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடுங்கி எறிந்தால் மணி நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறான். எல்லாத் தகப்பன்மாரும் நினைப்பதுதான். அவனுக்குப் பின்னால் அவனுடைய அக்கா ராஜக்கனி, முந்தானையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தபடி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

பியூலா சுவரில் இருந்த பலகையைத் தொட்டாள். வார்டுக்குள் மட்டும் மணிச் சத்தம் நின்றது. பலகையில் ஒரு வரைபடமும் அதில் நகர்ந்து வரும் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரிந்தன. பருந்து கிளம்பிவிட்டது.

"சிஸ்டர், இவ நல்லாத்தான இருக்கா? பாருங்க. ரோஸ் கலர்ல இருக்கா. பால் குடிச்சா. இப்பந்தான் தும்முனா" என்றாள் தன்விகா.

நல்லாத்தான் இருந்தாள். அதுதான் பயம். தண்டை பிடிக்கும் குழந்தைகளில் முக்கால்வாசி நல்லாத்தான் இருப்பார்கள்.

முன்பெல்லாம் சிவப்பு என்றதும் குழந்தையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியவர்கள் உண்டு. அப்படிப் போன குழந்தைகளில் பல அந்த வாரத்தைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகுதான் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தன. பருந்து என்பது ஆளில்லாத வான் ஆம்புலன்ஸ். மொட்டை மாடியில் இறங்கும். அதன் வயிற்றில் ஒரு கண்ணாடித் தொட்டில் மட்டும் இருக்கும். தாய்க்கு இடமில்லை. குழந்தை தனியாகப் போகும். அறுவை முடிந்து, பிழைத்து, சில வாரங்கள் கழித்துத் திரும்பி வரும். பெரும்பாலும் வந்துவிடும்.

ஆனால் ஊர் பயந்தது அதற்கல்ல.

பருந்தில் ஏறிய குழந்தையின் குடிமக்கள் அட்டையில் ஒரு சிவப்புக் கோடு விழும். பிற்காலத்தில் எந்த டாக்டர் பார்த்தாலும் தெரியவேண்டும் என்பதற்காக நல்லெண்ணத்தோடு போட்ட கோடு. டாக்டர்கள் பார்த்தார்களோ இல்லையோ, மற்ற எல்லோரும் பார்த்தார்கள். காப்பீட்டுக்காரன் பார்த்தான். பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர் பார்த்தார். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள். 'செவப்பு' என்று ஒரு சொல்லே ஊரில் புழங்கியது. "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா செவப்பு." பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று திரும்பிவந்த குழந்தைக்கும் கோடு கோடுதான். அழிக்க வழியில்லை.

பியூலாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திட்டம் தொடங்கிய வருடத்தில் பிறந்தவள் அவள். பருந்தில் போன முதல் குழந்தைகளில் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் அவளை நோட்டுப் புத்தகங்களுக்குக் காவல் உட்காரவைப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். முழு ஆரோக்கியத்துடன் இருக்கிறாள் என்று அதே அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. பின்பக்கத்தை யாரும் திருப்பவில்லை.

சஞ்சித் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடிவந்ததில் அவள் சட்டையின் மேல் பொத்தான் கழன்றிருந்தது. கழுத்துக்குக் கீழே தொடங்கும் தழும்பின் நுனி தெரிந்தது.

"சிஸ்டர், நீங்களும்..."

"ஆமா" என்றாள் பியூலா, பொத்தானைப் போட்டபடி. "நானும்தான். பாருங்க, நல்லாத்தான் இருக்கேன். பயப்படாதீங்க."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

பியூலா பலகையின் பக்கம் திரும்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். இதை மட்டுந்தான் கேக்கணும்னு தோணுச்சு" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பலகையில் சிவப்புப் புள்ளி அருப்புக்கோட்டையைத் தாண்டியிருந்தது.

சட்டப்படி அவள் இப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கி, துணியை எல்லாம் கழற்றி, வெள்ளைப் பையில் படுக்கவைத்து, மொட்டை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். "குடுங்கம்மா" என்று கையை நீட்டினாள். தன்விகா கொடுக்கவில்லை. பிடியை விலக்க முடியவில்லை. கடைசியில் குழந்தையின் கால் பக்கத்திலிருந்து துணியைப் பிரித்தாள் பியூலா.

அப்போதுதான் பார்த்தாள்.

இடது உள்ளங்காலின் நடுவில், சரியாகத் தண்டையின் கண் உட்காரும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு மைப் பொட்டு.

பியூலாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து விட்டது.

திட்டம் வந்த புதிதில் தென் மாவட்டங்கள் முழுக்க இந்தக் கூத்துதான். கண்ணேறு படக்கூடாது என்று குழந்தையின் உள்ளங்காலில் மை வைப்பார்கள். கறுப்பு மை ஒளியைக் குடித்துவிடும். கண்ணுக்கு ஒளி வராது. ரத்தத்தில் குறை என்று தண்டை முடிவுகட்டி மணி அடிக்கும். எத்தனையோ நல்ல குழந்தைகள் மைக்காகப் பருந்தில் போய் கோட்டோடு திரும்பிவந்தார்கள். பிறகுதான் மை, மருதாணி, வசம்பு வளையல் எதுவும் வார்டுக்குள் வரக்கூடாது என்று விதி வந்தது. வாசலில் பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வாசலில் இடுப்பைப் பார்க்க மாட்டார்கள்.

"யாரு மை வச்சது?"

ராஜக்கனியின் முந்தானை இன்னும் கைக்குள்தான் சுருண்டிருந்தது. பியூலா அந்தக் கையைப் பிடித்து விரித்தாள். சின்னத் தகர டப்பா ஒன்று. உள்ளே சவ்வரிசியைக் கருக்கிக் காய்ச்சிய வீட்டு மை. ஆள்காட்டி விரல் நுனி கறுத்திருந்தது.

"ஏன்க்கா, வாசல்ல அம்மாம் பெருசா எழுதிப் போட்டிருக்கே, படிக்கலையா? இதாலதான் மணி அடிச்சிருக்கு. இந்த மையாலதான்."

எல்லோரும் சேர்ந்து ராஜக்கனியின் மேல் பாய்ந்தார்கள். அடுத்த கட்டிலில் இருந்த தடித்த பெண், என் வயித்துத் தையலே பிரிஞ்சிருக்கும் உன்னால என்றாள். தரை துடைக்கும் பெண், கண்ணுக்கு மை வைக்கிற வயசுல காலுக்கு வச்சிருக்கா பாரு என்று தலையில் அடித்துக்கொண்டாள். சஞ்சித் அக்காவை முறைத்த முறைப்பில் ஆத்திரமும் இருந்தது, அவள் காலில் விழுந்து கும்பிடலாம் என்ற நன்றியும் இருந்தது.

ராஜக்கனி வாயைத் திறக்கவே பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தன்விகாவின் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஏறுவதைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"தப்புதாம்மா" என்றாள், அவ்வளவுதான்.

பியூலா பஞ்சை எண்ணெயில் நனைத்து உள்ளங்காலைத் துடைத்தாள். மை இழுபட்டு அவள் கட்டைவிரலில் அப்பியது. சஞ்சித்தின் கையிலிருந்து தண்டையை வாங்கி, அதன் கண்ணைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அவன் பிடுங்கிக் கையில் இறுக்கியதில் துடைபட்டிருக்கும். குழந்தையின் பாதத்தில் மறுபடி கட்டினாள்.

தண்டையின் விளக்கு ஒருமுறை மினுங்கியது. மஞ்சள். இன்னும் மஞ்சள். தன்விகா கண்ணை மூடிக்கொண்டாள்.

பச்சை.

யாரோ கை தட்டினார்கள். பியூலா தட்டவில்லை. பலகையில் புள்ளி எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. டாக்டர் மீரானைக் கூப்பிட்டாள். மதுரையில் இருந்து தென் மாவட்டத்துத் தண்டைகளை எல்லாம் கண்காணிக்கிற மூத்த டாக்டர் அவர். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். திரையில் வந்தவர் பாதிச் சாப்பாட்டில் இருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"இப்ப பச்சையா?"

"பச்சை சார்."

"பச்சையை வச்சு ஒண்ணும் சொல்லமுடியாது பியூலா, உனக்குத் தெரியும். பிறந்த புள்ளையோட இதயத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன வழி திறந்திருக்கும். வயித்துக்குள்ள இருந்தப்போ தேவைப்பட்ட வழி. அது திறந்திருக்கிற வரைக்கும் கோளாறு உள்ள புள்ளையும் நல்லாத்தான் இருக்கும். அந்த வழி மெதுவா மூடும். மூடப் பாக்கும், திரும்பவும் கொஞ்சம் திறந்துக்கும். மூடப் பாக்குற அந்த நேரத்தை தண்டை பிடிச்சா சிவப்பு. அடுத்த நிமிஷமே பச்சை காட்டும். அந்தப் பச்சையை நம்பி வீட்டுக்கு அனுப்பினா, ஒரேயடியா மூடுற அன்னைக்கு நம்ம கையில ஒண்ணும் இருக்காது."

"மை இருந்துச்சு சார். உள்ளங்கால்ல. கண்ணு உக்கார்ற இடத்துலயே."

டாக்டர் திரைக்கு அருகே குனிந்தார்.

"நீ உன் கண்ணால பாத்தியா?"

"என் கையால துடைச்சேன்."

"அப்ப சரி. மை இருந்துச்சுன்னா சிவப்பு பொய், பச்சை நிஜம். மை இல்லைன்னா அந்தப் பச்சைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. பக்கத்துல நிக்கிறது நீ. முடிவு உன்னோடது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ரத்து செஞ்சா அதோட முடிஞ்சுது. தெரியும்ல?"

தெரியும். ஒரு குழந்தைக்கு இரண்டு முறை மணி அடிக்கக்கூடாது என்று மக்கள் தெருவில் இறங்கி, பேருந்துகளை மறித்து, கேட்டு வாங்கிய விதி அது. ரத்தான குழந்தைக்கு மறுபடி தண்டை கட்டமாட்டார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பியூலாவும் நின்றிருக்கிறாள், தழும்பை மறைக்காமல்.

அவள் திரும்பி ராஜக்கனியைப் பார்த்தாள். ஏதோ ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேள்வி நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் சஞ்சித் அவள் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினான். பெரிய ஆள், தோள் குலுங்க அழுதான். கூரைக்கு மேலே எங்கேயோ வண்டு பறப்பது மாதிரி ஒரு ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. தன்விகாவுக்கும் அது கேட்டுவிட்டது. குழந்தையைக் கட்டிக்கொண்டு கட்டிலின் மூலைக்கு நகர்ந்தாள்.

பியூலா பலகையிடம் போனாள். உணர்ச்சியில்லாத பெண்குரல் ஒன்று கேட்டது.

"புறக் காரணம் உண்டா?"

"உண்டு."

"காரணத்தை நேரில் கண்டீர்களா?"

"கண்டேன்."

"கட்டைவிரலை வைக்கவும்."

வைத்தாள். பலகை முனகியது. "விரலைத் துடைத்து மீண்டும் வைக்கவும்." கண்ணாடியில் கறுப்பாக ஒரு ரேகை பதிந்திருந்தது. விரலை அவசரமாக, மேலே போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

ரீங்காரம் தலைக்கு மேலே வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒரு பெரிய நிழல் முற்றத்தில் விழுந்து அசையாமல் கிடந்தது. பிறகு அந்த நிழல் நீண்டு, மெலிந்து, மதிலைத் தாண்டிப் போய்விட்டது. வார்டுக் கதவுகள் க்ளக்கென்று திறந்தன.

அன்று சாயங்காலமே அவர்கள் குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பினார்கள். யாரும் மனசு மாறிவிடுவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்கிற அவசரம். தன்விகா வாசல் வரை போனவள் திரும்பிவந்து பியூலாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சஞ்சித் பியூலாவின் கழுத்துப் பொத்தானைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு சில நாட்கள் பியூலா லேசாக நடந்தாள். ஒரு பெண் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் ஓடப்போகிறாள். ஒரு வீட்டில் யாரோ வந்து காபி குடித்துவிட்டு உட்கார்ந்தே இருக்கப் போகிறார்கள். தன் கையால் ஒரு கோட்டைத் தடுத்துவிட்டோம் என்ற நினைப்பு அவளுக்கு இனிப்பாக இருந்தது. வெள்ளைக் கோட்டுத் துணியில் மட்டும் அந்த மைக் கறை போகவில்லை. இரண்டு தடவை துவைத்தும், விரல் இழுத்த தடம் அப்படியே இருந்தது.

வெயில் உச்சியில் நின்ற ஒரு மதியம், வார்டு வாசலில் யாரோ "சிஸ்டரம்மா" என்று கூப்பிட்டார்கள்.

ராஜக்கனி. கையில் மக்ரூன் டப்பா. முகமெல்லாம் சிரிப்பு.

"உங்களுக்குத்தாம்மா. தம்பி குடுத்துவிட்டான். நேத்து பேரு வச்சாச்சு. யாழிசை. நல்லாருக்கா? எனக்கு வாயில நொழைய மாட்டேங்குது, நான் கனின்னுதான் கூப்பிடுதேன்."

பியூலா சிரித்தபடி ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டாள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"அவளுக்கென்ன, ராசாத்தி. எங்க தெருவுல இவ்வளவு நல்ல புள்ளையை யாரும் பாத்ததில்ல. அழுகையே கிடையாது. நாள் பூராத் தூக்கந்தான். பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும்."

பியூலா மென்று கொண்டிருந்தது நின்றது.

"பால் நல்லாக் குடிக்காளா?"

"ரெண்டு மடக்குக் குடிச்சதும் அசந்துருவா. என்னமோ பெரிய வேலை செஞ்ச மாதிரி நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டும். வெயில் காலம்லா? ஃபேன் போட்டாலும் வேர்க்கு. ஆனா காலு மட்டும் சில்லுனு இருக்கு. தன்விகா சாக்ஸ் போட்டு விட்டிருக்கா."

மக்ரூன் பியூலாவின் நாக்கில் கரையாமல் ஒட்டிக்கொண்டது. பச்சை காட்டியது, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். என் கண்ணால் பார்த்தேன், பச்சை. மை இருந்ததால்தான் சிவப்பு. மை இருந்துச்சுன்னா சிவப்பு பொய்.

ராஜக்கனி பேசிக்கொண்டே போனாள். வீட்டில் எல்லோரும் தன்னை இன்னும் ஏசுகிறார்களாம். 'கரிக் கை' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறானாம். அதனால் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றாள். பருந்து திரும்பிப் போனது எதனால் என்று தனக்குத் தெரியும், அது போதும் என்றாள். சொல்லிவிட்டு, ரகசியம் வைத்திருக்கிற சின்னப் பிள்ளை மாதிரி கண்ணைச் சிமிட்டினாள்.

"எதனால?" என்றாள் பியூலா.

"வேற எதனால? என் மைதாம்மா. நீங்க படிச்சவங்க, ஒத்துக்க மாட்டீங்க. சிவப்பா எரிஞ்சுட்டு இருந்தது, நான் மை வச்சேன், அடுத்து பச்சையா எரிஞ்சுது. அன்னைக்கே சொல்லணும்னுதான் வாயெடுத்தேன். எல்லாரும் ஏசுன ஏச்சுல வாய மூடிட்டேன். ஏசுனாலும் சரி, பருந்து போனாச் சரின்னு விட்டுட்டேன்."

பியூலா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அப்பியது. இழுபட்டு விரலில் அப்பியது. காலையிலேயே வைத்த மை என்றால் காய்ந்து தோலோடு தோலாகியிருக்கும். தண்டையின் கண் சுத்தமாக இருந்தது. கண்ணாடியில் ஈரமான கறுப்பு ரேகை. அந்தக் கேள்வி அன்றைக்கு நாக்கு வரை வந்தது அவளுக்கு நினைவிருந்தது. ஏன் கேட்கவில்லை என்பதும் நினைவிருந்தது.

கட்டைவிரலை மடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா... அந்த மையை எப்ப வச்சீங்க?"

ராஜக்கனி மக்ரூன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

"மணிச் சத்தம் கேட்டு வார்டு மொத்தமும் எந்திச்சு வந்து புள்ளையையே வெறிச்சுப் பாத்துச்சுல்லா, கண்ணு பட்டுரக் கூடாதேன்னு அப்பந்தாம்மா வச்சேன்."